சேம அச்சு

ஒரு காரியத்தை ஏன் செய்ய வேண்டும் என்பதற்கும் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கும் விடை கிடைத்த பின்னும், எப்போது என்னும் கேள்வி மிச்சமிருக்கும். முதலிரண்டுக்கும் விடையைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதற்கு அந்த வழியில்லை. நாள் குறிப்பதற்கென்றே ஒரு சாத்திரத்தை வளர்த்து வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. ஆயினும், புதுமனை புகுவதற்கு நாள் சொல்லும் பஞ்சாங்கம், மனையே வேண்டாமென்று ஒரு வேனில் ஏறிக் கிளம்புவதற்கு நாள் எதையும் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் ஒருவர் தமிழும் மற்றவர் வணிகவியலும் கற்பிக்கிறோம். இருவருக்கும் வயது நாற்பதுகளின் நடுப்பகுதி. வாடகை வீடு, கடன் இல்லை, ஒரே மகள் வெளியூரில் முதுகலை படிக்கிறாள், எங்களுடன் எழுபத்து நான்கு வயதில் அம்மா இருக்கிறார். வீட்டை விட்டுவிட்டு, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சில புத்தகங்கள் ஆகியவற்றோடு ஒரு வேனில் முழுநேரமும் வாழ வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குள் வேர்விட்டுச் சில ஆண்டுகளாகின்றன. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று சொல்வதுண்டு. திணையும் துறையும் இருபதாண்டுகளாக வகுப்பறைச் சுவருக்குள்ளேயே நடத்தியாயிற்று. குறிஞ்சியையும் நெய்தலையும் அவற்றிற்குரிய பெரும்பொழுதில், அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். வணிகவியல்காரரின் விடை இன்னும் சுருக்கம்: வாடகை மிச்சம்.

நிற்க. கேள்வி எப்போது என்பதுதான். ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் சொல்லிக்கொண்டது, காலம் கொஞ்சம் தெளியட்டும் என்பதே. காலம் தெளிவதாக இல்லை. 2020 மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்த ஊரடங்கு, நான்கே மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்தது. அன்றிரவு வாகனமே எங்கள் வீடாக இருந்திருந்தால் எங்கே நின்றிருப்போம் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். வீட்டிலேயே இருங்கள் என்னும் ஆணைக்கு, வீடு நகரக்கூடியதாக இருக்கும்போது என்ன பொருள்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்து ஊர்களைக் கொண்டுபோயிற்று. இரண்டும், போனால் அங்கே சில வாரம் தங்கலாம் என்று நாங்கள் வரைபடத்தில் குறித்து வைத்திருந்த பகுதிகள்.

இவையெல்லாம் கிளம்பாதிருப்பதற்குக் காரணங்கள். ஆனால் வேலை பக்கமிருந்து பார்த்தால், இதே நிச்சயமின்மை கிளம்பச் சொல்கிறது. எங்கள் கல்லூரியில் தமிழ் இளங்கலையில் சேருவோர் தொகை ஆண்டுதோறும் மெலிகிறது. கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பது ஒவ்வொரு மேயிலும் புதிதாக முடிவாகும் செய்தி. அடுத்த ஜூனில் துறை இருக்குமா, இருந்தால் நாங்கள் இருப்போமா என்று உறுதி சொல்வாரில்லை. ஆக, ஒரே காலம் போகாதே என்றும் போ என்றும் ஒருசேரச் சொல்கிறது. காலத்திடம் நாள் கேட்பதில் பயனில்லை என்பது எங்களுக்கு விளங்கிய முதல் செய்தி.

இந்த வாழ்க்கைக்குப் பெயர் கொடுத்த நாட்டில் நடந்ததைக் கொஞ்சம் படித்தோம். 2011இல் ஃபாஸ்டர் ஹன்டிங்டன் என்ற அமெரிக்க இளைஞர் நியூயார்க் வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய வேனில் கிளம்பினார். தம் படங்களுக்கு அவர் இட்ட 'வேன் லைஃப்' என்னும் தலைப்பு உலகெங்கும் பரவியது. கடற்கரை, திறந்த பின்கதவு, தேநீர்க் கோப்பை என்று நாம் காணும் படங்களெல்லாம் அந்த வழியில் வந்தவை. அதே நாட்டில், அதே சாலைகளில், வேறொரு கூட்டமும் வேன்களில் வாழ்ந்தது. 2008ஆம் ஆண்டின் நிதி வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் அவர்கள். சர்க்கரை பீட் அறுவடைக்கும் பெருங்கிடங்குகளில் பொட்டலம் கட்டவும் பருவத்துக்குப் பருவம் போய், குளிர்காலத்தில் அரிசோனாப் பாலைவனத்தின் குவார்ட்சைட் பக்கம் கூடியவர்கள். ஜெசிகா புரூடர் இவர்களோடு பயணம் செய்து எழுதிய 'நோமாட்லேண்ட்' 2017இல் வெளிவந்தது. அதைத் தழுவிய படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

தேர்ந்து ஏறியவர்கள், தள்ளப்பட்டு ஏறியவர்கள் என்று வேனில் வாழ்வோர் இருவகையினர். வண்டி ஒன்றுதான், அடுப்பும் படுக்கையும் ஒன்றுதான். வேறுபாடு, ஏறிய நாளில் பின்னால் ஒரு கதவு திறந்திருந்ததா என்பதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டபின் எங்கள் கேள்வி கொஞ்சம் உருமாறியது. எந்த நாளில் கிளம்பினால் இது நாங்கள் தேர்ந்துகொண்டதாக இருக்கும், எந்த நாளுக்குப் பிறகு கிளம்பினால் தள்ளப்பட்டதாகிவிடும்? வேலை போன மறுமாதம் வேனில் ஏறுவது வேன் வாழ்க்கையன்று, வீடிழந்த வாழ்க்கை. அதனால் கொஞ்சம் முந்திக்கொள்ள வேண்டும். ஆனால் எவ்வளவு முந்துவது?

இதற்கு விடை தேடித்தான் 2025 மே மாதத்தில் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பத்தொன்பது நாள் ஒத்திகை பார்த்தோம். கிழக்குக் கடற்கரையோரமாய்த் தூத்துக்குடி, கன்னியாகுமரி. அங்கிருந்து தென்காசி, கம்பம் பள்ளத்தாக்கு. கத்திரி வெயிலில் போனது வேண்டுமென்றே செய்தது. மோசமான மாதத்தில் தாங்கினால் மற்ற மாதங்களில் தாங்கும் என்பது வணிகவியல்காரரின் தணிக்கை முறை.

அந்தப் பத்தொன்பது நாளில் கிடைத்த கணக்குகள் சில. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி மின்கலம் என்றால் அதில் அடங்குவது 2.4 யூனிட் மின்சாரம். முப்பது வாட் மின்விசிறி இரண்டு இரவு முழுக்கச் சுழன்றாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. ஆயிரம் வாட் குளிர்சாதனம் போட்டால் இரண்டரை மணி நேரத்துக்குள் மின்கலம் காலி. எனவே நம் ஊர் வெயிலில் வேனைக் குளிர்விக்கும் எளிய கருவி குளிர்சாதனமன்று. உயரமான இடத்துக்குப் போய்விடுவதுதான். நூறு லிட்டர் தண்ணீர் இருவருக்கு மூன்று நாள், தலைக்குக் குளிக்காவிட்டால் நான்கு நாள். முகவரிச் சான்று கேட்காமல் அடையாளச் சான்று ஒன்றைப் பார்த்தே தருகிற 5 கிலோ சிலிண்டர் இருப்பதால் அடுப்புக்குக் கவலையில்லை. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் வண்டியில் மாதம் 1500 கிலோமீட்டர் போனால் 150 லிட்டர் டீசல். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 14,250 ரூபாய். எங்கள் வீட்டு வாடகை 11,000. வாடகை மிச்சம் என்ற வாதம் அத்துடன் முடிந்தது. ஓடிக்கொண்டேயிருப்பது செலவு, நின்று வாழ்வதே சிக்கனம். அமெரிக்காவின் பொது நிலங்களில் பொதுவாகப் பதினான்கு நாள் ஓரிடத்தில் தங்கலாம் என்பதைப் போன்ற ஏற்பாடு இங்கே இல்லை. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கை வகுத்தது; அது வந்து போகிறவரை எண்ணி வகுத்தது, குடியிருப்பவரை எண்ணியன்று. நமக்குப் பெட்ரோல் பங்க், கோயில் வாகன நிறுத்தம், தெரிந்தவர் தோப்பு ஆகியவையே புகலிடம்.

ஓரிரவு இரண்டு மணிக்கு ரோந்துக் காவலர் கண்ணாடியைத் தட்டினார். எந்த ஊர், என்ன வேலை, ஏன் இங்கே படுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டியதும், "சரிங்க சார், கதவப் பூட்டிக்கிட்டுப் படுங்க" என்று சொல்லிப் போனார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் அதன்பின் எங்களுக்கு உறக்கம் வரவில்லை. இந்த மண்ணில் சாலையோரம் உறங்கிய எத்தனையோ குடிகள் அதே கேள்விக்குக் காட்ட அட்டையில்லாமல் நின்றிருக்கின்றன. நிலையாய் ஓரிடத்தில் இல்லாதவரைப் பிறப்பாலேயே குற்றவாளி ஆக்கிய 1871ஆம் ஆண்டுச் சட்டம், 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்து, விடுதலைக் காலம்வரை இருந்தது. அலைவது எங்களுக்கு விருப்பம்; அவர்களுக்கு அது வழக்குக்குரிய குற்றமாக இருந்தது. வேலையை விட்டபின் அந்த அட்டை எங்களிடமும் இராது என்பது அந்த இரவுதான் மனத்தில் பதிந்தது.

அரசுக்கு நம்மைத் தெரிவது வாசற்கதவின் வழியாகத்தான். 2025 நவம்பர் 4இல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவத்தோடு வீட்டு வாசலுக்கு வந்தார். வீடு பூட்டியிருந்தால் மூன்று முறையாவது வர வேண்டும் என்பது ஏற்பாடு. வாசலே இல்லாதவரிடம் எத்தனை முறை வருவது? வண்டிக்கும் இதே நிலைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். 52ஆம் பிரிவு, வண்டியை மனம்போல் மாற்றியமைக்கக் கூடாதென்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியது. பழைய வேன் ஒன்றை வாங்கித் தச்சரை வைத்துக் கட்டிலடிக்கும் யோசனையை அதனால் விட்டோம். முறையாக அங்கீகாரம் பெற்றவரிடம் கட்டிய வண்டிதான் என்று முடிவு செய்தோம். செலவு கூடியது, நாளும் ஓராண்டு தள்ளிப்போனது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் வந்தது. மலைகள் தாங்க வேண்டுமே என்று நினைத்தால் அது சரியென்றே படுகிறது. ஆனால் வெயிலுக்கு உயரம்தான் மருந்து என்று கணக்கிட்டவர்கள், அந்த உயரத்துக்கும் சீட்டு வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இவ்வளவு சட்டம் படித்தும் நாள் கிடைக்கவில்லை. நாளைப் பற்றி உருப்படியாக ஒன்றைச் சொன்னவர் ஒரு கீதாரி. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆட்டு மந்தையோடு கிளம்பி, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டு தஞ்சை வரை போய் மாதக்கணக்கில் வெளியிலேயே வாழ்பவர்கள் கீதாரிகள். மானாமதுரைப் பக்கம் சாலையோரம் மந்தையை நிறுத்தியிருந்த அவரிடம் பேச்சுக்கொடுத்தோம். மழை பொய்க்கிறது, வயலில் இயந்திர அறுவடை வந்துவிட்டது, நோய் எப்போது வருமென்று தெரியாது. இப்படியிருக்கையில் எந்த நாளில் கிளம்புவதென்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டோம். அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். "போற நாளு யாருக்குங்கய்யா தெரியும்? வர்ற நாளுதான் கணக்கு. மேட்டூர்ல தண்ணி தொறந்து வயல்ல உழவு வைக்கிறதுக்குள்ள வெளியேறிரணும். அதுலருந்து பின்னால எண்ணிக்கிட்டு வந்தா கிளம்புற நாளு தன்னால வந்துரும்."

ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள். அது தவறும் ஆண்டுகளும் உண்டு என்பது அவருக்கும் தெரியும். ஆயினும் திரும்பும் முனையை ஓரிடத்தில் ஊன்றிவிட்டால் கிளம்பும் முனையைக் கொஞ்சம் அசைத்துக்கொள்ளலாம். தமிழ் படித்தவருக்கு இதைக் கேட்டதும் நாணமாகப் போயிற்று. அகப்பாடல் தலைவன் பொருள்வயிற் பிரியும்போது கார்ப்பருவத்தில் மீள்வேன் என்று சொல்லிவிட்டுத்தானே போகிறான்? முல்லைத்திணை முழுவதும் திரும்பும் பருவத்தைச் சுற்றியே சுழல்கிறது. வகுப்பில் எத்தனையோ ஆண்டு நடத்திய செய்தி, ஆடு மேய்ப்பவர் வாயால் கேட்டபோதுதான் வாழ்க்கைக்கு உதவியது.

உமணரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். உப்பேற்றிய வண்டிகளோடு ஊர் ஊராய்ப் போனவர்கள் அவர்கள். பெரும்பாணாற்றுப்படையில் அவர்கள் வண்டியிலேயே குடித்தனம் நடத்திப் போகும் காட்சி விரிவாக உண்டு. குழந்தையோடு பெண்ணும் எருதுகளை ஓட்டுவாள். வண்டியில் கோழிக்கூடும் இருக்கும். நம் மொழியின் முதல் வேன் வாழ்க்கைக்காரர்கள் இவர்கள்தாம் என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், பொகுட்டெழினியைப் புகழ்வதற்கு உமணர் வண்டியிலிருந்து ஓர் உவமை எடுக்கிறார். பழகாத காளைகள், அளவு மீறிய பாரம், முன்னே எப்படியிருக்குமென்று தெரியாத பாதை. ஆகவே வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. பாதை சீராகட்டும் என்று உமணர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் உப்பு கரைந்திருக்கும். பாதையைப் பற்றிய கவலையை அச்சாக்கி அடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி பார்க்கப் போனபோது ஒரு மெக்கானிக், உள்ளே கட்டில் எப்படி, அலமாரி எப்படி என்று நாங்கள் ஆராய்வதைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம் சார், முதல்ல ஸ்டெப்னி இருக்கான்னு பாருங்க" என்றார். ஔவையார் சொன்னதும் அதுதான்.

அப்படியானால் எங்கள் சேம அச்சு எது? இரண்டாண்டுச் செலவுக்கான பணத்தைத் தொடாத கணக்கில் போடுவது ஒன்று. வண்டியிலிருந்தே செய்யக்கூடிய மெய்ப்புத் திருத்தும் பணியும் கணக்கெழுதும் பணியும் இரண்டாவது. அவற்றைக் கல்லூரியில் இருக்கும்போதே தொடங்கியாயிற்று. மருத்துவக் காப்பீடு மூன்றாவது. நான்காவது ஒரு வாசற்கதவு. அதுதான் எங்களிடம் இல்லை; அதற்குள்தான் அம்மாவும் இருந்தார்.

இங்கே கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டும். வீட்டில் முதியவரை வைத்துக்கொண்டு எங்கள் வயதினர் போடும் எந்தத் திட்டத்திலும் சொல்லப்படாத ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். கடமைகள் முடியட்டும் என்பார்கள். மகளின் படிப்பு முடியும் கடமை. அதற்கு நாள் உண்டு. தாயைப் பேணும் கடமை முடியட்டும் என்றால் அதற்கு என்ன பொருள்? அந்தக் கணக்கைப் போட நாங்கள் இருவருமே மறுத்தோம். அதனாலேயே அவரிடம் இந்தப் பேச்சை எடுக்காமலும் இருந்தோம். அவர் கேட்காமல் இருப்பாரா? ஒரு நாள் சோற்றை வடித்துக்கொண்டே, அடுத்த அறையிலிருந்த எங்களுக்குக் கேட்கும்படி அவரே தொடங்கினார்.

"நான் இருக்கேன்னு நீங்க நிக்காதீக. நான் போகட்டும்னும் நிக்காதீக. ரெண்டும் எனக்குப் பிடிக்கல."

எங்களால் பேச முடியவில்லை. பிறகு அவர் சொன்னது நாங்கள் எதிர்பாராதது. திருப்பத்தூருக்கு அப்பால் கிராமத்தில் அவருடைய ஓட்டு வீடு இருக்கிறது. அடுத்த வாசலில் தம்பி குடும்பம். எட்டாண்டுகளுக்கு முன் காரைக்குடிக்கு வந்தது பேத்தியைப் பார்த்துக்கொள்ள. பேத்தி விடுதிக்குப் போன பிறகும் அவர் இங்கே இருந்தது, நாங்கள் தனியாகிவிடுவோமே என்பதற்காக. "இந்த வாடகை வீட்டுல எனக்கு என்ன இருக்கு? உங்களுக்காவத்தான் கெடக்கேன். நீங்க வண்டியில போனா நான் என் வீட்டுக்குப் போவேன்ல." நாங்கள் அவருக்காகக் காத்திருக்க, அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்து வைத்துக்கொண்டு, காலம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் பூட்டிய பெருவீடுகளைப் பார்த்தபடிதான் நாங்கள் நாள்தோறும் கல்லூரிக்குப் போகிறோம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தவணை வைத்துப் போய், தவணை முடிந்ததும் திரும்பியவர்கள் கட்டியவை. திரும்பி வரும் வழக்கம் நின்ற பிறகு அவற்றில் பலவற்றுக்குக் காவலுக்கு மட்டும் ஒருவர் மிஞ்சினார். கதவு இருந்தால் போதாது. கதவுக்குப் பின்னால் ஓர் ஆளும், அந்த ஆளைப் பார்க்க வருவதற்கு ஒரு தவணையும் வேண்டும். எங்கள் ஏற்பாடு அதிலிருந்து பிறந்தது. அம்மாவின் கிராமத்து வீடே எங்கள் முகவரி. குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வங்கி எல்லாம் அங்கே. ஒரு சுற்று நாற்பத்தைந்து நாளுக்கு மேல் போகாது. ஒவ்வொரு சுற்றும் அந்த வாசலில் முடியும். வண்டி அங்கே பத்து நாள் வேப்பமரத்தடியில் நிற்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையில் எங்கும் போவதில்லை. இது முழுநேர வேன் வாழ்க்கை ஆகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கென்று வேறு கூரை இல்லை, ஆகவே ஆகும். உமணரும் ஊர் திரும்பியவர்களே.

திரும்பும் முனை ஊன்றியாயிற்று. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். மகளின் கடைசித் தேர்வு 2027 ஏப்ரலில். அம்மா வீட்டு ஓடு மாற்றவும் குளியலறை கட்டவும் அதற்குள் முடியும். வண்டி பதிவாகி வந்துவிடும். கத்திரி மே இறுதியில் கழியும். ஜூன் முதல் வாரத்தில், தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப்பக்கம் கொட்டிவிட்டு இப்பக்கம் வெறும் குளிர்ச்சியாக இறங்கும் நாட்களில், மைசூர்ப் பீடபூமியை நோக்கி முதல் சுற்று. ஜூலை நடுவில் திரும்புகிறோம். நாட்காட்டியில் முதலில் வட்டமிட்டது அந்தத் திரும்பும் நாளைத்தான்.

இடையில் எதுவும் நடக்கலாம். டீசல் விலை ஏறலாம். இன்னொரு நோய் வரலாம். எங்களுக்கு முன்பே கல்லூரி எங்களை அனுப்பிவிடலாம். அப்படியானால் நாள் கொஞ்சம் இப்படியோ அப்படியோ நகரும். அடியில் கட்டிய அச்சு நகராது. பணி விலகல் கடிதத்துக்கு மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டுமென்பது எங்கள் நியமன ஆணையில் உள்ள விதி. எனவே 2027 பிப்ரவரி இறுதிக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். கடிதத்தின் வாசகத்தைத் தமிழ் படித்தவர் எழுதிவிட்டார். வணிகவியல்காரர் படித்துப் பார்த்துவிட்டு, அடைமொழிகள் அதிகம், குறைத்தால் நல்லது என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்.